இருநூறு மீட்டர்

மே 18
மேட்டு வீடு

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நேற்று பம்பு ரூம் வாசலில் அத்தனை பேர் பார்க்க, "இதுல பேச ஒண்ணுமில்ல. வேணும்னா எழுத்துல குடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனீர்கள். நானும் உங்கள் முதுகுக்குக் கேட்கிற மாதிரி ஒன்று சொன்னேன். கேட்டதோ இல்லையோ, மறுபடி எழுதுகிறேன். இந்த வருஷமும் உங்கள் காட்டில் மக்காச்சோளம் முளைத்தால், அதன் கடைசித் தட்டை விழுகிறவரை உங்களோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன். நான் சொன்ன சொல் மாறுகிறவன் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் பதினோரு பேர் குழுவாகச் சேர்ந்து, என்னைத் தலைவராக வைத்து, விதைக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். கம்பெனி கொடுக்கிற மக்காச்சோளத்தை விதைத்து, விளைந்ததை விதைக்காகக் கம்பெனிக்கே திருப்பித் தர வேண்டும். சந்தைக்கு அலைய வேண்டாம், விலை என்ன ஆகுமோ என்று தவிக்க வேண்டாம். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். எங்கள் செடி பூக்கிற நேரத்தில் சுற்றி இருநூறு மீட்டருக்குள் வேறு மக்காச்சோளம் பூக்கக் கூடாது. வேறு மகரந்தம் காற்றில் வந்து விழுந்தால் விதை கலந்துபோகும், கம்பெனி எடுக்காது.

அந்த இருநூறு மீட்டருக்கு நடுவில்தான் உங்கள் நிலம் இருக்கிறது. துவரைக்குள் காராமணி, காராமணிக்குள் பூசணிக்கொடி, அதன் மேல் ஆமணக்கு நிழல், ஓரமெல்லாம் சூரியகாந்தி, இத்தனைக்கும் இடையில் அங்கங்கே மக்காச்சோளம். நான் முப்பது வருஷம் அறுப்பு மிஷின் ஓட்டியவன். உங்கள் காட்டைப் பார்த்தால் கல்யாண வீட்டு வாசலில் செருப்புக் குவியலைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. எது யாருடையது என்றே தெரிவதில்லை.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. எங்களோடு சேர்ந்து கம்பெனி விதையைப் போடுங்கள். அது பிடிக்கவில்லை என்றால் மக்காச்சோளத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் போட்டுக்கொள்ளுங்கள். பதினோரு குடும்பத்தின் சோறு உங்கள் கையில் இருக்கிறது. அதில் ஒன்று உங்கள் பெண் வாழ்கிற குடும்பம். இந்த ஒப்பந்தத்தை நம்பித்தான் என் மகன் பஸ் பட்டறை வேலையை விட்டுவிட்டு நிலத்தில் இறங்கியிருக்கிறான். யோசித்துப் பதில் எழுதவும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


மே 20
தையல் கடை

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை என் பெண் சாப்பாட்டுக் கூடையில் மேலாக வைத்து எடுத்துவந்தாள். "படிச்சிட்டுச் சாப்பிடுறியா, சாப்பிட்டுட்டுப் படிக்கிறியாம்மா?" என்று கேட்டாள். சாப்பிட்டுவிட்டுத்தான் படித்தேன். நல்ல வேளை.

நீங்கள் எழுத்தில் கொடுத்தீர்கள், நானும் எழுத்தில் கொடுக்கிறேன். முடியாது.

ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் மரியாதை தெரியாதவள் என்பீர்கள், அதனால் காரணத்தையும் எழுதுகிறேன். என் மக்காச்சோளத்தின் காற்று பட்டால் உங்கள் விதை கெட்டுவிடும் என்கிறீர்கள். உண்மைதான். அப்படியானால் உங்கள் மக்காச்சோளத்தின் காற்று பட்டால் என் விதை கெடாதா? காற்று என்ன கம்பெனியில் சம்பளம் வாங்குகிறதா, ஒரு பக்கமாக மட்டும் வீச? நான் வருஷா வருஷம் என் காட்டிலிருந்தே விதை எடுக்கிறவள். மழை ஏமாற்றிய வருஷத்தில் எந்தச் செடி வாடாமல் நின்றதோ, அதைப் பார்த்துப் பார்த்துக் கதிர் ஒடித்துச் சேர்த்த விதை அது. எந்தக் கடையிலும் கிடைக்காது. எனக்கு யார் இருநூறு மீட்டர் விடுவது? உங்கள் பதினோரு பேரில் ஒருவராவது அதைக் கேட்டீர்களா?

உங்கள் விதைப் பயிரைப் பற்றி மாப்பிள்ளை எனக்கு விளக்கமாகச் சொன்னார். பெண் வரிசை நாலு, ஆண் வரிசை ஒன்று. பெண் வரிசையில் மகரந்தம் கொட்டுகிற உச்சிப் பூ தலைகாட்டியதும் ஒடித்து எறிந்துவிடுவீர்களாம். ஆண் வரிசையை, மகரந்தம் கொட்டி முடித்ததும் அடியோடு வெட்டிப் போடுவீர்களாம். சம்பந்தம் செய்கிற லட்சணம் ரொம்ப நன்றாக இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசியபோது கம்பெனியைக் கூப்பிடாமல் விட்டோமே, அதுவரைக்கும் நிம்மதி.

செருப்புக் குவியல் என்று எழுதியிருந்தீர்கள். அவரவர் செருப்பு அவரவருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அம்மா


மே 27
மேட்டு வீடு

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

உங்கள் பதிலைப் படித்தேன். என் மனைவியும் படித்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள். வீட்டுக்குள்ளேயே எனக்கு ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

கிண்டலை ஒதுக்கிவிட்டுக் கணக்காகப் பேசுவோம். ஒரே பயிர் என்றால் ஒரே நாளில் விதைப்பு, ஒரே களையெடுப்பு, ஒரே மருந்து, ஒரே அறுப்பு. மிஷின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியே வந்தால் வேலை முடிந்தது. அன்று சாயங்காலம் மனுஷன் காலை நீட்டி உட்காரலாம். உங்களுக்குக் காராமணி ஒரு பருவம், பூசணி ஒரு பருவம், துவரை ஏழு மாசம். எதற்கும் மிஷின் ஆகாது. ஒரு களைக்கொல்லி தெளித்தால் ஆறில் மூன்று செத்துப்போகும், அதனால் எல்லாக் களையும் கையால்தான். வருஷம் பூரா குனிந்தபடியே இருக்கிறீர்கள். போன வருஷம் உங்கள் முதுகுக்குத் தைலம் வாங்கிக்கொண்டு ஓடிவந்தது யார்? என் மகன்தான்.

உங்கள் விதை பெரிதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை ஒரு வருஷம் டப்பாவில் வைத்திருந்தால் என்ன குறைந்துவிடும்? ஒரு மனுஷி, ஆறு பயிர், ஒரு பிடிவாதம். இதற்காக ஒரு ஊர் காத்திருக்க முடியுமா?

இப்படிக்கு,
சம்பந்தி


மே 30
தையல் கடை

சம்பந்தி அவர்களுக்கு,

முதுகு வலித்தது உண்மை. தைலத்துக்கு நன்றி மாப்பிள்ளைக்கு.

நீங்கள் கணக்காகப் பேசியதால் நானும் ஒன்றை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறேன். நல்ல வருஷத்தில் உங்கள் ஒரு பயிர் என் ஆறு பயிரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். என் காட்டை வைத்து யாரும் பணக்காரர் ஆக முடியாது. ஆனால் நான் ஜெயிப்பதற்காகக் கலந்து விதைக்கவில்லை. எல்லாம் ஒரே நாளில் தோற்கக் கூடாது என்று விதைக்கிறேன்.

என் வீட்டுக்காரர் இருந்தபோது ஒரு வருஷம் முழு நிலத்திலும் தக்காளி போட்டார். செடியைக் குறை சொல்ல முடியாது, கிளை ஒடிகிற காய்ப்பு. ஊரெல்லாம் அதே காய்ப்பு. பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று அப்படியே விட்டோம். வீடு நிறையத் தக்காளி இருந்தது, உலையில் போட அரிசி இல்லை. அந்த வருஷம் பூரா என் தையல் மிஷின்தான் அடுப்பை எரிய வைத்தது. ஒரே பயிரை நம்பி இனிமேல் நிம்மதியாகத் தூங்க என்னால் முடியாது. இதைப் பிடிவாதம் என்றால் பிடிவாதம்தான்.

விதையை டப்பாவில் வைத்திருந்தால் என்ன என்று கேட்டீர்கள். இந்த வருஷம் டப்பாவில் வை என்பீர்கள், அடுத்த வருஷம் ஒப்பந்தம் நீளும், அப்போதும் டப்பாவில்தான் இருக்கும். பிறகு முளைக்காது. எனக்குத் தெரியாதா?

இருந்தாலும் ஒரு வழி சொல்கிறேன். மற்ற ஐந்தையும் முதல் மழைக்கே விதைத்துவிடுகிறேன். மக்காச்சோளத்துக்கு மட்டும் குழி போகிற இடத்தை விட்டுவைக்கிறேன். நீங்களும் முதல் மழைக்கு விதையுங்கள். மழை வழக்கம்போல ஜூன் முதல் வாரம் வரும், நான் இருபத்தைந்து நாள் கழித்து, ஜூலை முதல் தேதி போடுகிறேன். உங்கள் பூ உதிர்ந்த பிறகுதான் என் பூ விரியும். உங்கள் காற்று எனக்கு வராது, என் காற்று உங்களுக்கு வராது. பிந்தி விதைத்தால் எனக்கு விளைச்சல் குறையும், பரவாயில்லை. இதைப் பணிந்துபோனதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கம்பெனி மகரந்தம் என் கதிரில் விழக் கூடாது என்பதற்காகவும்தான் செய்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மனுஷி


ஜூன் 6
மேட்டு வீடு

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

கம்பெனியிலிருந்து பயிர் பார்க்க வருகிற பெண்ணிடம் உங்கள் யோசனையைச் சொன்னேன். உங்களுக்காகப் பேசப் போகிறோமே என்று, நம் பிள்ளைகள் கல்யாணத்துக்கு நீங்கள் எனக்குத் தைத்துக் கொடுத்த ஊதாக் கட்டம் போட்ட சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனேன். அவள் யோசித்துவிட்டு, "தேதி தள்ளிப் பூத்தா சரிதான் ஐயா, ரூல்லயே இருக்கு" என்றாள். ஆகவே ஒத்துக்கொள்கிறோம்.

நேற்று நல்ல மழை. நிலம் தயாராக இருக்கிறது. கம்பெனி விதை இன்றோ நாளையோ வந்துவிடும்.

நீங்கள் இறங்கி வந்தது எனக்குச் சந்தோஷம். இறங்கி வரவில்லை என்று பதில் எழுத வேண்டாம், காகிதம் வீண்.

இப்படிக்கு,
சம்பந்தி


ஜூன் 29
மேட்டு வீடு

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் நேராகவே எழுதுகிறேன். விதை லாரி நேற்றுத்தான் வந்தது. இன்று வரும் நாளை வரும் என்று எங்களை உட்கார வைத்துவிட்டார்கள். கேட்டால் கிடங்கில் தாமதம் என்கிறார்கள். இனிமேல்தான் விதைக்க வேண்டும், இந்த ஈரத்தை விட்டால் வேறு ஈரம் இல்லை. இன்றும் நாளையும் விதைத்து முடித்துவிடுவோம்.

நீங்கள் ஜூலை ஒன்று என்று சொல்லியிருந்தீர்கள். இரண்டும் ஒன்றாகப் பூத்துவிடும். இன்னும் ஒரு இருபத்தைந்து நாள் தள்ளிப்போட முடியுமா? தயவுசெய்து.

சம்பந்தி


ஜூலை 2
தையல் கடை

சம்பந்தி அவர்களுக்கு,

நேற்று ஜூலை ஒன்று. சொன்ன தேதிக்கு விதைத்துவிட்டேன்.

உங்கள் கடிதம் முந்தாநாளே வந்தது. விதைக்குமுன் படித்தேனா, விதைத்தபின் படித்தேனா என்று உங்கள் மருமகளிடம் விசாரிக்க வேண்டாம். படித்துவிட்டுத்தான் விதைத்தேன்.

உங்களுக்காக முதல் மழையை விட்டேன். காராமணி கொடி வீசத் தொடங்கிவிட்டது, நடுவில் மக்காச்சோளக் குழி மட்டும் பொக்கைவாய் மாதிரி காலியாகக் கிடந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் விதை முளைக்கவில்லையா என்று துக்கம் விசாரித்தார்கள். சொன்ன சொல்லுக்காகப் பொறுத்துக்கொண்டேன். ஜூலைக் கடைசியில் விதைத்தால் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் ஈரம் இருக்காது, முத்தில்லாத பொட்டுதான் மிஞ்சும். அது உங்களுக்குத் தெரியாததா?

பிந்தியவர் கம்பெனிக்காரர். வழிவிட வேண்டியவள் மட்டும் ஒவ்வொரு தடவையும் நானா? இந்த முறை நான் நகரமாட்டேன்.

இப்படிக்கு,
விதைத்தவள்


ஜூலை 20
மேட்டு வீடு

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

உங்கள் மக்காச்சோளம் முளைத்து முழங்கால் அளவு நிற்பதைப் பார்த்தேன். அன்று சொன்னது நடைமுறைக்கு வந்துவிட்டது. நேற்று நீங்கள் எதிரில் வந்தபோது நான் ஆமணக்கைப் பார்த்துக்கொண்டு போனதன் காரணம் அதுதான்.

பூக்கும் முன்னால் பிடுங்கிவிடுங்கள். ஈடாக எனக்கு வருகிற பணத்தில் உங்கள் பங்குக்கு மக்காச்சோளம் நானே வாங்கித் தருகிறேன். இல்லையென்றால் என் நிலத்து வழியாகப் போகிற வண்டிப் பாதையை நீங்கள் மறந்துவிட வேண்டியதுதான். முள் வெட்டிப் போட்டாகிவிட்டது. பதினோரு பேர் வயிற்றில் அடிக்கிற ஒருவருக்கு நான் பாதை கொடுக்க முடியாது.

இப்படிக்கு,
குழுத் தலைவர்


ஆகஸ்ட் 17
தையல் கடை

குழுத் தலைவர் அவர்களுக்கு,

பாதையை அடைத்தீர்கள். காராமணியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடைக்கரை சுற்றித்தான் போகிறேன். சுற்றி வருவதில் ஒரு லாபம், வழியில் நாலு பேரைப் பார்க்கிறேன். அவர்களிடம் கேட்டதில் ஒரு விஷயம் தெரிந்தது. பதினோரு பேர் பதினோரு பேர் என்று ஒவ்வொரு கடிதத்திலும் அழுதீர்களே, என் காட்டிலிருந்து இருநூறு மீட்டருக்குள் இருப்பது இரண்டே இரண்டு நிலம். உங்களுடையதும் மாப்பிள்ளையுடையதும். மற்ற ஒன்பது பேருக்கு என் மகரந்தத்தால் ஒரு நஷ்டமும் இல்லை. குழுத் தலைவருக்கு எண்ணத் தெரியாது என்று நான் நம்பவில்லை.

ஆனால் அதைக் கேட்ட பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டில் ஒன்று என் பெண்ணின் சாப்பாடு. அன்று அவளை உட்கார வைத்துக் கேட்டேன், பிடுங்கிவிடட்டுமா என்று. அவள் நறுக்கென்று சொன்னாள். "பயந்து பிடுங்கினீன்னா இனிமே இந்தக் காட்டுக்கு நான் வரமாட்டேன். எங்க சாப்பாட்டை நாங்க பாத்துக்குறோம். நீ உன் விதையைப் பாரு." பெற்ற வயிறு குளிர்ந்துபோனது, கலங்கியும் போனது. இரண்டும் சேர்ந்தேதான் வந்தது.

புழு வந்தது உங்களுக்குத் தெரியும். உங்கள் பக்கம் மூன்று தரம் மருந்தடித்தீர்கள். என் பக்கமும் வந்தது. கலந்து விதைத்தால் புழு வராது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் ஒரு மக்காச்சோளத்திலிருந்து அடுத்ததற்குப் போக அது காராமணியையும் துவரையையும் தாண்ட வேண்டியிருக்கிறது. பாதி வழியிலேயே அலுத்துவிட்டது போலிருக்கிறது. மீதியை நானும் உங்கள் மருமகளும் குருத்தைப் பிரித்துப் பிரித்துக் கையால் நசுக்கினோம்.

இப்போது முக்கியமான விஷயம். என் செடி பூக்கட்டும், ஆனால் மகரந்தம் வெளியே வராது. கடையில் சேர்ந்த துண்டுத் துணி எல்லாவற்றையும் எடுத்துப் பை தைத்துவிட்டேன். நெருக்கமாக நெய்த துணி மட்டும். உச்சிப் பூவுக்கு ஒரு பை, கதிருக்கு ஒரு சின்னப் பை. காலையில் உச்சிப் பையை உதறி, அந்தத் தூளை அதே காட்டுக் கதிரின் குஞ்சத்தில் நானே தூவிவிட்டு மறுபடி மூடிவிடுவேன். உங்கள் விதைக்கும் பங்கமில்லை, என் விதைக்கும் பங்கமில்லை. நீங்கள் ஆசைப்பட்டபடி என் நிலம் முழுக்க மக்காச்சோளமாக இருந்திருந்தால், ஊரிலுள்ள துணிக்கடை எல்லாம் சேர்ந்தாலும் இத்தனை பை தைக்க முடியாது. அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்பதால்தான் ஒரு தையல்காரியால் முடிகிறது.

பை கட்ட மாப்பிள்ளை வந்தார். நான் கூப்பிடவில்லை. உயரமான ஆள், எட்டுகிறது.

இப்படிக்கு,
பாதையில்லாதவள்


ஆகஸ்ட் 31
மேட்டு வீடு

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

நேற்று நீங்கள் பள்ளிக்கூடச் சீருடை கொடுக்கப் போயிருந்த நேரத்தில் கம்பெனிப் பெண் பயிர் பார்க்க வந்தாள். நடந்ததை உங்களுக்கு ஆயிரம் பேர் ஆயிரம் மாதிரி சொல்வார்கள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

அவள் உங்கள் காட்டு ஓரத்தில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். "இப்படி யாரும் செஞ்சு நான் பாத்ததில்ல ஐயா. அழகாத்தான் இருக்கு" என்றாள். பிறகு, "ஆனா என் ஃபாரத்துல பைன்னு எதுவும் கெடையாது. இருநூறு மீட்டருக்குள்ள பூத்த செடி இருக்கா இல்லையான்னுதான் கேக்குது. இருக்கு" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் வேலை அது.

"இன்னிக்கே பிடுங்கிட்டீங்கன்னா இல்லன்னு எழுதிடுறேன். உங்க உறவுக்காரங்கதான, பிடுங்கினா கோவிச்சுக்க மாட்டாங்க" என்றாள்.

நான் இறங்கினேன். உங்கள் காட்டுக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. பூசணிக்கொடி தடுக்கிக் குப்புற விழப் பார்த்தேன், அதை யாரும் பார்க்கவில்லை. முதலில் கைக்கு எட்டிய செடியைப் பிடித்தேன். பிடுங்கத்தான் பிடித்தேன், பொய் சொல்லமாட்டேன். தலை நிமிர்ந்தால் உச்சியில் கட்டியிருந்த பை ஊதாக் கட்டம். என் கல்யாணச் சட்டைத் துணி. அன்றைக்கு மிச்சத் துணி எங்கே என்று கேட்டதற்கு, "உங்க உடம்புக்கு மிச்சம் வேற வருமா?" என்று சொன்னீர்கள். இப்போது எண்ணிப் பார்த்தேன். மொத்தம் ஏழு செடி என் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறது.

சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. உங்கள் மேல் இல்லை. தேதி சொன்னீர்கள், அந்தத் தேதியில் செய்தீர்கள். நாங்கள் பிந்தினால் ஒப்பந்தத்தில் அபராதம் இருக்கிறது. அவர்கள் பிந்தினால் ஒரு வரிகூட இல்லை. பிந்தியது அவர்கள் லாரி, பிடுங்கப்படுவது உங்கள் செடி, பிடுங்குவது என் கை. இது என்ன நியாயம்? முப்பது வருஷம் பிறத்தியார் வயலில் மிஷின் ஓட்டினேன். சொன்ன வரப்பைத் தாண்டி ஒரு செடியை அறுத்ததில்லை.

செடியை விட்டுவிட்டு மேலே வந்தேன். "லேட்டா வந்தது உங்க லாரிம்மா. அவங்க செடியை நான் தொடமாட்டேன். என் நெலத்தையும் என் பையன் நெலத்தையும் தள்ளுபடின்னு எழுதிக்கோங்க" என்றேன். அவள் பை கட்ட வந்திருந்த என் மகனைப் பார்த்தாள். அவன், "அப்பா சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டுக் காற்றில் அவிழ்ந்திருந்த ஒரு பையைக் கட்டப் போய்விட்டான். அவள் எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன். குழுத் தலைவர் வேலையை விடுவதற்கும் சேர்த்து ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

முள்ளை எடுத்தாகிவிட்டது. பாதை திறந்திருக்கிறது. உங்கள் மக்காச்சோளம் இன்னும் நிற்கிறது, ஆகையால் பேசமாட்டேன்.

இப்படிக்கு,
சம்பந்தி


செப்டம்பர் 2
தையல் கடை

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நன்றி என்று எழுதி அடித்துவிட்டேன். என் செடியைப் பிடுங்காமல் விட்டதற்கு நன்றி சொன்னால், பிடுங்க உங்களுக்கு உரிமை இருந்தது என்று ஆகிவிடும்.

ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்ட நேரத்தில் நான் அங்கே இல்லாமல் போனேனே என்று இருக்கிறது. அதை அடிக்காமல் விடுகிறேன்.

பாதை வழியாக இரண்டு பூசணி அனுப்பியிருக்கிறேன். உங்கள் வீட்டு அம்மாவிடம் கொடுக்கவும். நீங்கள் சாப்பிட வேண்டாம்.

சட்டைத் துணி எட்டுப் பை. ஏழு என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு உண்மையாகவே எண்ணத் தெரியாது போலிருக்கிறது.

இப்படிக்கு,
மிச்சத் துணிக்காரி


அக்டோபர் 21
மேட்டு வீடு

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

எங்கள் இரண்டு நிலத்து மக்காச்சோளமும் கோழித் தீவன மில்லுக்குப் போய்விட்டது. விதையாகப் போயிருந்தால் கிடைத்திருக்கக் கூடியதில் பாதிகூட வரவில்லை. மகன் காலையில் நிலத்தையும் மதியத்துக்குமேல் பட்டறையையும் பார்க்கிறான். உங்கள் பெண் எங்களுக்கெல்லாம் தைரியம் சொல்கிறாள். யாரிடம் படித்தாள் என்று கேட்க வேண்டியதில்லை.

பம்பு ரூமில் என்னைப் பார்த்தால் சிலர் பேச்சை நிறுத்துகிறார்கள். சம்பந்திக்காகச் சம்பாத்தியத்தை விட்டவன் என்று பெயர். நான் திருத்தவில்லை. ஒரு ஆள் மட்டும் நேரில் கேட்டான். "இனிமே நீயும் அந்தம்மா மாதிரி கலந்துகட்டி விதைப்பியாய்யா?" என்று.

இல்லை. அதை உங்களுக்கும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் நேர் வரிசை ஆள். அடுத்த மழைக்கும் முழு நிலத்திலும் ஒரே பயிர்தான், மக்காச்சோளம்தான், மிஷின் நுழைகிற மாதிரிதான். உங்கள் செருப்புக் குவியலுக்கு நான் வரமாட்டேன்.

ஆனால் விதை கம்பெனி விதை இல்லை. உங்கள் விதை வேண்டும். உங்கள் காட்டைச் சுற்றி என் நிலம், அதற்கடுத்து மகன் நிலம். இரண்டிலும் உங்கள் மக்காச்சோளமே நின்றால், எந்தக் காற்று வீசினாலும் உங்கள் கதிரில் உங்கள் மகரந்தம்தான் விழும். பை தைக்க வேண்டாம். உங்களுக்கு யார் இருநூறு மீட்டர் விடுவது என்று மே மாசம் கேட்டிருந்தீர்கள். நான் விடுகிறேன்.

அப்படி விதைத்தால் எங்கள் எல்லைக்கு அப்பால் இருப்பவர்களுக்குக் கம்பெனி தகராறு பண்ணும் என்று பேச்சு. வந்து கேட்கட்டும். எழுத்தில் கேட்கட்டும். தேதி சொல்லட்டும், அந்தத் தேதிக்கு லாரியும் வரட்டும். அப்புறம் யோசிக்கலாம்.

இப்படிக்கு,
சம்பந்தி


அக்டோபர் 26
தையல் கடை

சம்பந்தி அவர்களுக்கு,

என் கணக்கையும் கேட்டுக்கொள்ளுங்கள். சூரியகாந்தியில் பாதியைக் கிளி தின்றுவிட்டது. பூசணியை வாங்க ஆளில்லை, தெரு முழுக்கக் கொடுத்தும் தீரவில்லை, என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறார்கள். காராமணி நன்றாக வந்தது. துவரை இப்போதுதான் பூக்கிறது. மக்காச்சோளம் பிந்தி விதைத்ததால் கதிர் சிறுத்துவிட்டது, ஆனால் முத்து ஒவ்வொன்றும் என்னுடையது, பிறத்தி முத்து ஒன்றுகூட இல்லை. உரித்துப் பார்த்தபோது உட்கார்ந்து அழுதேன். யாரிடமும் சொல்ல வேண்டாம்.

விதை கேட்டிருந்தீர்கள். உங்கள் இரண்டு நிலத்துக்கும் இந்த வருஷ விதை காணாது. பாதி நிலத்துக்குத் தருகிறேன், அதிலிருந்து எடுத்து மறு வருஷம் மீதியை நிரப்பிக்கொள்ளுங்கள். அதுவரை அந்தப் பாதியில் என்ன போடுவது என்று என்னைக் கேட்டால் நான் ஐந்து பெயர் சொல்வேன், நீங்கள் கேட்கப் போவதில்லை. வரிசை பிடித்தே விதையுங்கள், மிஷினையும் விடுங்கள். விதையைக் கொடுத்த பிறகு அது உங்கள் நிலம், உங்கள் பாடு. என் காட்டுக்குள் மட்டும் கயிறு பிடித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

நேற்றுச் சாயங்காலம் என் காட்டில் மக்காச்சோளத்தின் கடைசித் தட்டையையும் வெட்டிச் சாய்த்துவிட்டேன். உங்கள் மருமகள் சாட்சி. நீங்கள் சொன்ன சொல் மாறாதவர், ஆகவே இன்றிலிருந்து பேசலாம். விதையை எடுத்துக்கொள்ள நேரில்தான் வர வேண்டும், கூடையில் அனுப்பமாட்டேன்.

அடுத்த மழைக்கு மறுபடியும் விதைப்பேன். பேச வேண்டியதை எல்லாம் அதற்குள் பேசி முடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி